அரச வம்சமா? ராஜா வரைக்கும் ஏற வேண்டாம்

உங்கள் அமெரிக்கக் குடும்பத்துக்கு இங்கிலாந்து அரச வழி இருக்கிறதா என்று பார்க்க, ராஜாவிலிருந்து கீழே இறங்காதீர்கள். உங்களிடமிருந்து மேலே போய், 1600களில் கப்பலேறி வந்தவர்களில் அரச வழி ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒருவரைத் தொட்டால் போதும். 1634-இல் பாஸ்டன் வந்த ஆன் ஹட்சின்சன் அப்படிப்பட்டவர். அவரிடமிருந்து இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் வரையிலான வழியை வம்சாவளி ஆய்வாளர்கள் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் தேவாலயப் பதிவேடுகளுக்கு உத்தரவு வந்ததே 1538-இல்தான். அதற்கு முந்தைய நில வழக்குகளையும் லத்தீன் ஆவணங்களையும் துழாவும் வேலை உங்களுக்கு இல்லை. உங்களிடமிருந்து அந்தக் கப்பலேறி வந்தவர் வரைக்கும் மட்டும் தலைமுறைக்கு ஓர் ஆவணம் வேண்டும். அதில் உயிலை விடவே விடாதீர்கள்: கல்யாணமான மகளைக் கணவர் பெயரோடு குறிக்கும் வரி பல நேரம் அங்கேதான் கிடைக்கும்.

முன்னோர் எல்லோரும் 1800களில் வந்தவர்கள் என்றால் இந்தக் குறுக்குவழி பொருந்தாது. இங்கிலாந்துப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். குடும்பப்பெயர் ஒன்றாக இருப்பது ஆதாரமே இல்லை. டிஎன்ஏ சோதனையும் இருபது தலைமுறைக்கு மேல் எட்டிப் பார்த்து ராஜாவைக் காட்டாது.