சீன மொழி பேசும் நோயாளிகளுக்கான அறிகுறிப் படிவம்: மொழிபெயர்த்த பிறகு சரிபார்ப்பது எப்படி?

உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை எண்களில் கேட்கும் படிவங்களில், ஹூஸ்டனில் உருவான எம்.டி. ஆண்டர்சன் அறிகுறிப் படிவம் புற்றுநோய்ப் பிரிவுகளில் நன்கு தெரிந்தது. அதில் 13 அறிகுறிகள் உண்டு. அவை அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கின்றன என்று கேட்க இன்னும் 6 கேள்விகள். கடந்த 24 மணி நேரத்தில் மிக மோசமாக இருந்த அளவை நோயாளி 0 முதல் 10 வரை குறிப்பார். இதற்குச் சீன வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. வழிமுறையைப் புரிந்துகொள்ள இதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: படிவத்தின் உரிமையாளரிடம் அனுமதியும், மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்குங்கள். யாருக்கான படிவம் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். சீனா, சிங்கப்பூர் என்றால் எளிமையாக்கிய எழுத்து; தைவான், ஹாங்காங் என்றால் மரபு எழுத்து. எழுத்தை மாற்ற மென்பொருள் இருக்கிறது, ஆனால் சொல் வழக்கும் ஊருக்கு ஊர் மாறும்.

படி 2: இரண்டு பேர் தனித்தனியே சீனத்தில் மொழிபெயர்க்கட்டும். இரண்டையும் வைத்துப் பேசி ஒன்றாக்குங்கள்.

படி 3: மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். எங்கே பொருள் விலகியது என்று தெரியும்.

படி 4: இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எட்டுப் பத்து நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். 'நான்ஷோவ்' என்ற சீனச் சொல் உடம்பு முடியாததையும் குறிக்கும், மனசு சரியில்லாததையும் குறிக்கும். மன வேதனைக்கான கேள்வியில் அதைப் போட்டால், வயிறு உப்புசத்தை நினைத்து ஒருவர் 8 போடலாம். திரும்ப மொழிபெயர்த்தாலும் இந்தத் தவறு தெரியாமலே போகலாம். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்", "எதை நினைத்து 8 போட்டீர்கள்?" என்று கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் மகனோ மகளோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் வீடுகளில் நடப்பதுபோலவே, சீனக் குடும்பங்களிலும் பெரியவர்களிடம் புற்றுநோய் என்பதைச் சொல்லாமல் மறைப்பதுண்டு. இந்தப் படிவமோ முதல் வரியிலேயே அந்த நோயின் பெயரைச் சொல்கிறது. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று வார்டு செவிலியரிடம் விசாரித்துவிட்டுத்தான் தாளை நீட்ட வேண்டும்.

படி 5: அப்புறம் எண்கள். ஒரு கேள்விக்குப் பத்துப் பேர் என்ற பழைய கணக்குப்படி, 13 அறிகுறிகளுக்கு 130 பேர். கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.70-க்கு மேல் இருக்க வேண்டும். உடல்நிலை மாறாதவர்களிடம் ஓரிரு நாளில் மறுபடி கொடுத்து, பதில் ஒத்துவருகிறதா பாருங்கள். கீமோ போட்ட மறுநாள் கொடுத்தால் மாறியது நோயாளியா படிவமா என்று பிரித்தறிய முடியாது. நடமாடுபவர்களைவிடப் படுக்கையில் இருப்பவர்களுக்கு மதிப்பெண் கூடுதலாக வருகிறதா என்றும் பாருங்கள்.

ஏதாவது ஒரு கேள்வி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றால், உடனே நீக்கிவிடாதீர்கள். படி 4-க்குத் திரும்பி, அந்தச் சொல்லை இன்னும் நாலு நோயாளிகளிடம் கேளுங்கள்.