எல்ஷைமரின் நிலா இரவை அக்ரிலிக்கில் வரைவது எப்படி?

ஜெர்மன் ஓவியர் ஆடம் எல்ஷைமர் 1609-இல் ரோமில் வரைந்த ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்’ ஓவியத்தைப் பார்த்து ஒரு சின்னப் பிரதி எடுப்பதற்கான செய்முறை இது. மூலம் மியூனிக் நகரின் ஆல்டே பினகொடெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செம்புத் தகட்டில் எண்ணெய் வண்ணம். அளவு 31 × 41 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு ஏ3 தாள்தான். அதற்குள் முழுநிலா, பால்வீதி, நீர்நிலை, காடு, தீ மூட்டிக் குளிர்காயும் மேய்ப்பர்கள், கழுதைமேல் மரியாளும் குழந்தையும், பக்கத்தில் பந்தம் பிடித்து நடக்கும் யோசேப்பு என்று எல்லாமே இருக்கின்றன.

கட்டம் போட்டுப் படத்தைச் சிறிதாக்குவது, வண்ணம் கலப்பது, பிரஷ் கழுவுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே பேசப்போவது இருட்டைப் பற்றி. இந்த ஓவியத்தில் கை வைப்பவர்கள் பெரும்பாலும் இருட்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தேவையானவை

வழவழப்பான 300 ஜிஎஸ்எம் தாள், அல்லது மவுண்ட் போர்டு. சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் வேண்டாம். எல்ஷைமர் செம்பைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் அதன் வழவழப்பு. துணியின் நெசவு குறுக்கே வராததால் ஊசிமுனை அளவு விவரம்கூட அதில் நிற்கும். நம் அளவு 15.5 × 20.5 செ.மீ., அதாவது மூலத்தில் பாதி. ஏ4 தாளில் ஓரம் விட்டு வரையலாம்.

அக்ரிலிக் வண்ணம் ஆறு போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், காட்மியம் ஆரஞ்சு, வெள்ளை. கறுப்பு வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். டியூபிலிருந்து வரும் கறுப்பு இந்த ஓவியத்தைக் கொன்றுவிடும் என்பது என் கட்சி. பிரஷ்ஷில் ஒரு தட்டை, ஒரு 4-ஆம் எண் உருண்டை, ஒரு 0-ஆம் எண். மீதிப் பணத்தை நல்ல வெள்ளையில் போடுங்கள்.

படி 1: சரியான படத்தைப் பிடிப்பது

இணையத்தில் இந்த ஓவியத்தின் பிரதிகள் பல நிறங்களில் கிடைக்கும். ஒன்றில் வானம் பளீர் நீலம், இன்னொன்றில் எல்லாமே தார் பூசியதுபோல் இருக்கும். அருங்காட்சியகத்தின் சொந்த இணையச் சேகரிப்பில் உள்ள படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, இரவுநேர மஞ்சள் வடிகட்டியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதியும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அதுதான் உயிர்.

படி 2: வெளிச்சத்தின் எல்லைகள்

இடப்பக்கம் மேய்ப்பர்களின் நெருப்பு. நடுவில் யோசேப்பின் பந்தம். வலப்பக்கம் நிலா, அதற்குக் கீழே நீரில் அதன் பிம்பம். மேலே விண்மீன்கள். பென்சில் கோட்டுப்படத்தில் ஒவ்வொரு வெளிச்சமும் எதுவரை எட்டுகிறது என்று ஒரு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். பந்தத்தின் வெளிச்சம் மரியாளையும் கழுதையையும் தாண்டி அதிகம் போகாது. நெருப்பு கொஞ்சம் கூடுதலாக, மரத்தின் அடிப்பக்க இலைகள்வரை எட்டும். வளையங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. இடையில் இருட்டு இருந்தால்தான் இரவு இரவாக இருக்கும்.

பிம்பம் நிலாவுக்கு நேர் கீழே செங்குத்தாக விழ வேண்டும். ஸ்கேல் வைத்து ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். இது கொஞ்சம் விலகினாலும் பார்ப்பவர் கண் உடனே கண்டுபிடித்துவிடும், என்ன தப்பு என்று மட்டும் சொல்லத் தெரியாது.

படி 3: இருட்டு

இந்த இடம்தான் என்னை நீண்ட காலம் இழுத்தடித்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் பிரதியைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வானமும் மரமும் ஒரே இருட்டு அல்ல. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிற மரக்கூட்டம்தான் ஆக இருண்ட பகுதி. வானம் அதைவிட ஒரு படி வெளிச்சம், நிலாவின் பக்கம் இன்னொரு படி. இரவு என்றதும் கை தானாக வானத்தைத்தான் முதலில் கறுப்பாக்கும். அப்படிச் செய்துவிட்டால் மரத்தை எதைக்கொண்டு பிரித்துக் காட்டுவது?

அல்ட்ராமரினையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் கறுப்புக்கு நெருக்கமான ஓர் இருட்டு வரும். நீலம் கூடினால் அது வானம், அம்பர் கூடினால் மரமும் மண்ணும். இரண்டும் ஒரே கலவையில் பிறந்தவை என்பதால் படம் ஒட்டி நிற்கும். வானத்துக்கு மட்டும் ஒரு சொட்டு வெள்ளை சேருங்கள்.

அக்ரிலிக் காய்ந்ததும் கொஞ்சம் கறுக்கும். ஆகவே வானத்தைத் தேவைக்கு ஒரு மயிரிழை வெளிச்சமாகவே கலக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் தீற்றி, முழுதாகக் காயவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள். ஈர நிறத்தை நம்பி வேலை செய்தால் மறுநாள் காலை மரமும் வானமும் ஒன்றாகிக் கிடக்கும். ஒரே தடிப் பூச்சைவிட மெல்லிய இரண்டு மூன்று பூச்சு நல்லது. மர விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் முடிக்காதீர்கள். அங்கங்கே பிரஷ்ஷின் நுனியால் தட்டி இலையாக உடைத்துவிடுங்கள்.

படி 4: வானம்

காய்ந்த பிரஷ்ஷில் வெளிறிய நீலச் சாம்பலைத் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, பால்வீதியைச் சாய்வாக ஒரு புகைபோல இழுங்கள். அதன்மேல் விண்மீன்கள். டூத்பிரஷ்ஷால் வெள்ளையைத் தெளிக்கும் உத்தி எல்லா இடத்திலும் சொல்லித்தரப்படுகிறது, இங்கே வேண்டாம். எல்ஷைமர் பால்வீதியைத் தனித்தனி விண்மீன்களின் கூட்டமாகவே வைத்திருக்கிறார். 0-ஆம் எண் பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாக, பெரிதும் சிறிதுமாக வையுங்கள்.

நிலாவில் கறைகளும் உண்டு. கலிலியோ தன் தொலைநோக்கி அவதானிப்புகளைப் புத்தகமாக வெளியிட்டது 1610-இல். எல்ஷைமர் அதற்கு முன்பே தொலைநோக்கி வழியாகப் பார்த்துத்தான் வரைந்தாரா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: கலப்பில்லாத வெள்ளை படம் முழுவதிலும் நிலாவில் மட்டும். பிம்பம் அதைவிட ஒரு படி மங்கல், விண்மீன்கள் அதற்கும் கீழே.

படி 5: மனிதர்கள்

மத்தேயு நற்செய்தி யோசேப்பு இரவிலே புறப்பட்டதாகச் சொல்கிறது. ஏரோது மன்னன் குழந்தை இயேசுவைத் தேடிக் கொல்லப்போகிறான் என்று கனவில் எச்சரிக்கை வந்த பிறகு கிளம்புகிற பயணம் அது. இத்தாலிய ஓவியர் அன்னிபலே கராச்சி சில ஆண்டுகளுக்கு முன் அதே ரோமில் இதே காட்சியைப் பகல் வெளிச்சத்தில் வரைந்திருந்தார். எல்ஷைமர் அந்த இரவைப் பிடித்துக்கொண்டார். ஆகவே உருவங்களுக்கு வெளிக்கோடு போடாதீர்கள். பந்தத்தின் வெளிச்சம் படுகிற கன்னம், கை, துணி மடிப்பு, கழுதையின் முகம் ஆகியவற்றை மட்டும் ஆக்கரும் சியன்னாவும் கலந்து தொட்டு வையுங்கள். மற்றதை இருட்டிடமே விட்டுவிடுங்கள். நம் அளவில் ஓர் உருவம் கட்டைவிரல் உயரம்கூட வராது. கண், மூக்கு வரைய உட்கார்ந்தால் படம் கெடும்.

நெருப்புக்கு ஆரஞ்சு. அதிலிருந்து மேலே பறக்கும் பொறிகளை மறக்க வேண்டாம். அவை விண்மீன்களோடு கலந்துவிடுவதுபோல் இருப்பதுதான் அந்த மூலையின் அழகு.

எல்ஷைமர் 1610-இல், 32 வயதில், இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஜனவரியில் பிளெமிய ஓவியர் ரூபன்ஸ் எழுதிய இரங்கல் கடிதத்தில் சிறிய உருவங்களிலும் நிலக்காட்சியிலும் அவருக்கு நிகரில்லை என்கிறார். கையோடு சோம்பேறி என்றும் திட்டுகிறார். செம்பில் வரைந்த எகிப்துப் பயண ஓவியம் தன் நாட்டுக்கு வந்தால் மகிழ்ச்சி, ஆனால் 300 கிரௌன் விலை தடையாகுமோ என்ற கவலையும் அதே கடிதத்தில் இருக்கிறது.

பின்சேர்க்கை

போஸ்டர் கலரில் முயன்ற சிலர், விண்மீன் வைக்கும்போது அடியில் உள்ள வானம் கரைந்து மேலே வருகிறது என்று எழுதியிருந்தார்கள். வரத்தான் செய்யும், அது காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். வெள்ளையைத் தயிர்ப் பதத்தில் கெட்டியாக எடுத்து, ஒரே தொடுதலில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், மறுபடி தேய்க்காதீர்கள். இன்னொன்று, போஸ்டர் கலரில் இருண்ட நிறங்கள் காய்ந்ததும் வெளிறும். படி 3-இல் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, ஒரு படி கூடுதல் இருட்டாகக் கலக்க வேண்டும்.

கறுப்புத் தாளில் வரையலாமா என்று கேட்டிருந்தார்கள். மரங்கள் இலவசமாகக் கிடைக்கும், வானத்துக்கு வேலை இரட்டிப்பாகும். எனக்குப் பிடிக்கவில்லை.

முடித்த படத்தைக் கைபேசியில் எடுத்தால் இரவு சாம்பலாகத் தெரிகிறது என்பதும் பலருக்கு வந்த சிக்கல். இருட்டைக் கண்டதும் கேமரா தானாக வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. திரையில் நிலாவைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்து, அப்புறம் எடுங்கள். ஜன்னலுக்கு நேரெதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் அக்ரிலிக்கின் மினுமினுப்பும் விழாது.