சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பும் அடிக்கும்போதும்

அடித்து ஒரு வருஷம்கூட ஆகாத சீலிங் பொரிந்து கட்டில் மேல் உதிர்கிறதா? பல வீடுகளில் பெயின்ட் நல்ல பெயின்ட்தான். அதற்கு அடியில் இருக்கும் பழைய சுண்ணாம்புதான் தளத்தை விட்டுக் கழன்று, மேலே அடித்த எமல்ஷனையும் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் டின்னைத் திறக்கும் முன், உள்ளங்கையால் சீலிங்கை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அடியில் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருக்கிறது. ஒட்டாவிட்டால் செல்லோடேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பொருக்கு வந்தால் சுரண்டாமல் வேறு வழியில்லை.

அடுத்தது ஈரம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். ஆனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கு அது ஆகாத நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடித்த தண்ணீர் கான்கிரீட்டை விட்டு இன்னும் முழுதாகப் போயிருக்காது. அந்த அறையை மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு சீலிங்கில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளத்தில் ஈரம் இருக்கிறது. கசிவு இருந்தால் முதலில் மாடியைச் சரிசெய்ய வேண்டும். கீழே எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது.

நேர்கோடாக விரிசல் ஓடி, அந்த இடத்தைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, சிமெண்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். பட்டி (மேடு பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மறைக்காதீர்கள். அது தலையில் விழக்கூடிய துண்டு. கட்டட வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சாமான்களை வெளியே எடுத்து, மீதிக்குப் பாலிதீன் போர்த்துங்கள். எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் சுவிட்ச்) அணைத்த பிறகே ஃபேனில் கை வைக்க வேண்டும். மோட்டாரைச் சுற்றி மூடலாம், ஆனால் இறக்கைகளைக் கழற்றிவிடுவதே வசதி. கழற்றும்போது ஒவ்வொரு இறக்கைக்கும் அது இருந்த இடத்துக்கும் 1, 2, 3 என்று ஒரே எண்ணை எழுதிவையுங்கள். இடம் மாறினால் சில ஃபேன்கள் ஆட ஆரம்பிக்கும்.

சுண்ணாம்பை உலர்வாகச் சுரண்டினால் வீடு முழுக்கப் புழுதிதான். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் நாலு சதுர அடி நனைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, 4 அங்குலத் தகட்டால் சாய்வாகத் தள்ளுங்கள்; தோலாக உரிந்து வரும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள். சுரண்டி முடித்ததும் ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள்.

பட்டியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒயிட் சிமெண்ட் பட்டி பெயின்ட் இல்லாத வெறும் சிமெண்ட் பூச்சில்தான் பிடிக்கும். பழைய எமல்ஷன் உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில் அக்ரிலிக் பட்டிதான் வைக்க வேண்டும். சிமெண்ட் பட்டி ஒரு கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். கட்டியில்லாமல் குழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் தீருமளவு மட்டும் கலக்குங்கள். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டால் அது மாவாகவே உதிரும். தளத்தை லேசாக நனைத்துவிட்டு மெல்லிசாக இழுங்கள். 10-க்கு 12 அறை முழுக்க இரண்டு கை பார்க்க 8 முதல் 10 கிலோ ஆகும்; ஒட்டுப்போட மட்டும் என்றால் இரண்டு கிலோ போதும். காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 320. டார்ச்சை சீலிங்கோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நேராகப் பார்க்கையில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

தூசியைத் துடைத்துவிட்டு, பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமர் ஒரு கோட். பழைய மழைக்கறை இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் பிரைமர் அடியுங்கள். தண்ணீர்ப் பெயின்ட் அந்தப் பழுப்பைக் கரைத்து மேலே இழுத்துவிடும். மூன்று கோட் அடித்தாலும் வளையம் திரும்பத் தெரியும். ஆயில் பிரைமர் அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகே நெருப்பு கூடாது.

அதே 10-க்கு 12 அறைக்கு இரண்டு கோட்டுக்கு எமல்ஷன் ஒன்று முதல் ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். டின்னில் 40 முதல் 50 சதவீதம் தண்ணீர் என்று போட்டிருந்தால் சீலிங்குக்கு 40-லேயே நிறுத்துங்கள். தண்ணியாக இருந்தால் கைவழியே முழங்கைக்கு ஒழுகும், மறைக்கவும் மறைக்காது. சுவரும் அடிப்பதாக இருந்தால் சீலிங்தான் முதலில்.

ஓரங்களில் 2 அங்குல பிரஷ்ஷால் மூன்று விரல் அகலம் அடித்து, அது காயும் முன் ரோலரைப் பிடியுங்கள். 9 அங்குல ரோலர், நீளக் கம்பு. கம்பு இருந்தால் ஸ்டூல் மேல் நின்று கழுத்தை ஒடிக்க வேண்டியதில்லை. ரோலரைத் தட்டில் உருட்டிப் பிழிந்து, மூன்றடிச் சதுரமாக எடுத்துக்கொண்டு, ஈர ஓரத்தின் மேல் கொஞ்சம் ஏறும்படி அடுத்த சதுரத்தைச் சேருங்கள். பாதியில் நிறுத்தி டீ குடித்து வந்தால் அந்த ஓரம் காய்ந்து, கோடு கோடாக நிற்கும். காய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் திரும்ப ரோலர் ஓட்டினாலும் பொரிப் பொரியாக எழும்; விட்ட இடத்தை அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம். டேபிள் ஃபேன் வைக்காதீர்கள். முதல் கோட்டை ஜன்னலுக்குக் குறுக்காகவும், குறைந்தது நாலு மணி நேரம் கழித்து இரண்டாவதை ஜன்னலை நோக்கியும் உருட்டினால் வெளிச்சத்தில் ரோலர் தடம் தெரியாது.

சுவர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால், அதைக் கடைசி கோட் முழுக்க இறுகும் முன் சாய்வாக இழுத்து எடுங்கள். மிஞ்சிய பெயின்ட்டைத் தண்ணீர் கலக்காமல் சின்ன பாட்டிலில் நிரப்பி, அறையின் பெயரையும் தேதியையும் மூடியில் எழுதிவையுங்கள்.