மலையகத்துக் குசினிக்கு வினைல் தரை: நிறத்துக்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

ஹற்றனிலோ நுவரெலியாவிலோ விடியற்காலையில் வெறும் சீமெந்தில் நின்று ரொட்டி தட்டுகிறவருக்கு, கால் சில்லிடாத தரையின் அருமை தெரியும். வினைல் என்ற பிளாஸ்டிக் தரை அதற்குத் தோதுதான். ஆனால் மலையில் வினைலைக் கெடுப்பது மேலே கொட்டும் தண்ணீரைவிட, அடியிலிருந்து ஏறும் ஈரம்.

மண்மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் மேட்டுப்பக்கச் சுவரோரம்தான் முதலில் நனையும். அங்கே 2 அடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, 2 நாள் விடுங்கள். எடுக்கும்போது பொலித்தீனின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. வெயில் காலத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலையிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் நவம்பர், டிசம்பரிலும் மழையோடு பார்ப்பதே சரி.

ஈரம் இருந்தால் முதல் வேலை தரையில் இல்லை, வெளியில். மேட்டுப்பக்கக் கானைத் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும்படி ஆழமாக்குங்கள். அப்படியும் காயாவிட்டால், 1000 கேஜ் (கால் மி.மீ. தடிப்பு) பொலித்தீனை 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, சுவரோரம் மடித்துவிட்டு, மேலே 2 அங்குலம் சீமெந்துக் கலவை போட வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் காயும் என்பது பொதுக் கணக்கு. நம் குளிருக்கு அது போதாது, அதனால் மறுபடி பொலித்தீன் வைத்துப் பாருங்கள். இவ்வளவுக்கும் கையில் காசில்லை என்றால் வினைலை விட்டுவிட்டு, வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ் பதிப்பதே புத்தி.

பழைய சிவப்புச் சீமெந்துத் தரையில் இன்னொரு வில்லங்கம், வருடக்கணக்காகத் தேய்த்த மெழுகு பொலிஷ். அதன்மேல் பசை பிடிக்காது. டர்பன்டைன் ஊற்றித் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். அந்த நேரத்தில் அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். காய்ந்தபின் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, பரவி ஊறினால் போதும்.

இனிப் பொருள். கடையில் காபட் என்று சுருளாக விற்கும் மெல்லிய வினைலின் அச்சுப் பூ, அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில்தான் முதலில் தேய்ந்து போகும். மொத்தத் தடிப்பைக் கேட்பதைவிட, மேலே உள்ள தேய்மானப் படலம் எவ்வளவு என்று கேளுங்கள்: 0.3 மி.மீ. குறைந்த அளவு, 0.5 நல்லது. சுருளை இணைக்கும் பொருத்து சிங்க் முன்னால் வரக் கூடாது.

ஒன்றோடொன்று கொளுவும் பலகை வகையில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்த கெட்டி வினைலை எடுங்கள். 6 அடி நேர்ச்சட்டம் வைத்தால் கீழே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது, தெரிந்தால் கொளுவி உடையும். பலகைகளை 2 நாள் குசினியிலேயே படுக்க வைத்துவிட்டுப் பதியுங்கள். சுவரோரம் 8 மி.மீ. இடம் விடுங்கள். நிலையான அலுமாரி இருந்தால் அதன் விளிம்புவரை மட்டும் பதியுங்கள், அதற்கு அடியில் வேண்டாம். 10க்கு 8 அடிக் குசினிக்கு 80 சதுர அடி, வெட்டுக் கழிவுக்கு 8 கூட்டி 88 வாங்கலாம்.

வினைலுக்குப் பதில் லினோலியம் என்றால், அது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்ந்தது. சலவைச் சோடாவும் தேங்கும் தண்ணீரும் அதற்கு ஆகாது. இறப்பர் நம் நாட்டுப் பொருள்தானே என்று யோசிக்க வேண்டாம், சமையல் எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊதும்.

விறகு அடுப்பு இருந்தால் அதன் முன்னால் 3 அடிக்குச் சீமெந்தோ டைல்ஸோதான். ஒரு தீப்பொறி போதும், கறுப்புப் புள்ளி போகவே போகாது. சூடான ரொட்டிக்கல்லை இறக்கி வைத்தாலும் அதே கதை. அடிப்பக்கம் இறப்பர் ஒட்டிய கால்மிதியும் வேண்டாம், அதன் அடியில் வினைல் மஞ்சளாகும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது. துணி மிதியடி போடுங்கள்.