அப்பா அம்மாவோடு இடுக்கி மலைக்குக் குடிவருபவர்களுக்கு: சின்ன ஃபோர் வீல் வண்டி எடுக்கும் விவரம்

போடி, கம்பம், உடுமலைப் பக்கமிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், மறையூர் என்று மேலே குடிவருகிறவர்கள் வீடு பார்த்து முடித்ததும் அடுத்துத் தேடுவது வண்டி. ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அப்பா மேலேயே இருப்பார், அம்மாவுக்கு முட்டுவலி, மாதம் ஒரு முறையாவது தேனிக்கோ மதுரைக்கோ ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். ஊரில் மைலேஜையும் ஏ.சி.யையும் பார்த்து கார் எடுத்த கணக்கு இங்கே பாதிதான் செல்லும்.

முதலில் ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகும் வண்டி, உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சாதாரண கார் ஏறிவிடும். மூணாறு ரோடும் அப்படித்தான். சிக்கல் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வீட்டுக்குப் போகும் கடைசித் துண்டில் இருக்கிறது. பஞ்சாயத்து போட்ட செங்குத்தான கான்கிரீட் பாதையில் ஜூன், ஜூலை மழைக்குப் பச்சையாகப் பாசி படியும். ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்வதால், சாதாரண காரை இழுக்கும் முன்சக்கரங்களுக்குப் பிடிப்பு குறைந்து அவை அதே இடத்தில் சுற்றும். பின்சக்கரமும் சேர்ந்து தள்ளினால்தான் வண்டி ஏறும். அந்த மாதிரி பாதை இருந்தால் ஃபோர் வீல் எடுங்கள். வீடு தார் ரோட்டு ஓரத்திலேயே இருக்கிறதென்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் நாலு நல்ல டயர் போடலாம், மீதியும் நிற்கும்.

சின்ன வண்டிகளில் இரண்டு வகைதான். ஒன்று, தேவைப்படும்போது தானாகப் பின்சக்கரத்துக்கும் சக்தி அனுப்பும் ஏ.டபிள்யூ.டி. (ஆல் வீல் டிரைவ்). மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், 2025இல் வந்த மாருதி விக்டோரிஸ் ஆகியவற்றின் குறிப்பிட்ட வேரியண்டில் மட்டும் இது உண்டு. பழைய வண்டி பார்ப்பவர்களுக்கு 2014 முதல் வந்த ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. டீசலும் இருக்கிறது. மற்றொன்று, லீவரைத் தள்ளிப் போடும் பழைய ஜீப் முறை. மாருதி ஜிம்னி அந்த வகை. 2எச் (பின்சக்கரம் மட்டும்), 4எச் (நாலு சக்கரமும்), 4எல் (நாலு சக்கரமும், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு) என்று மூன்று நிலை. 4எல் போட்டால் எப்பேர்ப்பட்ட ஏற்றத்திலும் ஊர்ந்து ஏறும். ஆனால் காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு வளைக்கக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஷாஃப்ட் முறுக்கேறி ஸ்டீயரிங் இறுகும், தொடர்ந்து ஓட்டினால் பல்சக்கரம் போகும். எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று 70 வயதுக்காரர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய முறை இது. எஸ்டேட் ஜீப் ஓட்டிப் பழகிய அப்பாவென்றால் ஜிம்னி சரி. மற்றவர்களுக்கு தானாக வேலை செய்யும் வகையே நல்லது.

கியரையும் கவனியுங்கள். கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் தொடக்கத்தில் ஏ.டபிள்யூ.டி. என்றால் மேனுவல் கியர் மட்டும்தான். 2025இலிருந்துதான் அது 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கோடு வருகிறது. ஆகவே 2022, 2023 மாடல் ஏ.டபிள்யூ.டி. பழசாக எடுத்தால் கிளட்ச் மிதிக்கத்தான் வேண்டும். அப்பாவுக்கு இடது முட்டியில் வலி இருந்தால் அந்த வண்டி ஆகாது. பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து அதிக மைலேஜ் தரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேரியண்டில் ஏ.டபிள்யூ.டி. இல்லை. இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்குமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று கதவு மஹிந்திரா தார் ஜீப் பக்கமே போக வேண்டாம். முன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு பின்னால் ஏறுவது வயதானவர் செய்கிற காரியமில்லை.

ஷோரூமுக்குப் பெரியவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அம்மா எப்போதும் கட்டுகிற புடவையோடும் போடுகிற செருப்போடும் வரட்டும். கதவைத் திறந்து சீட்டுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். சீட்டின் விளிம்பு அவர் தொடையின் நடுப்பகுதிக்கு மேலே, பின்புறத்துக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். அப்படியானால் அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் குதித்து ஏற வேண்டும். கீழே போனால் இறங்கும்போது முட்டி முழுப் பாரத்தையும் தூக்கும். சீட்டுக்கும் வாசல் விளிம்புக்கும் உள்ள அகலத்தையும் பாருங்கள். விளிம்பு அகலமாக இருந்தால் கால் தரைக்கு எட்டாது, புடவைக் கொசுவம் விளிம்பில் மாட்டும், மழைக்காலத்தில் அங்கே ஒட்டியிருக்கும் சேறெல்லாம் துணியில். ஏறுகிற பக்கம் மேலே கைப்பிடி இருக்கிறதா, அவர் கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். படி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். தொங்கும் படி, வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை (கிரவுண்ட் கிளியரன்ஸ்) குறைக்கும், பாறைப் பாதையில் முதலில் அடிவாங்குவதும் அதுதான்.

ஜிம்னியில் நாலு பேர்தான் உட்காரலாம். பின் சீட்டைச் சாய்க்காவிட்டால் டிக்கி 208 லிட்டர். மடக்கு சக்கர நாற்காலி வைக்க ஒரு பின் சீட்டைச் சாய்க்க வேண்டிவரும். தனி இரும்புச் சட்டத்தின் (சேஸிஸ்) மேல் உட்காரும் வண்டி, அச்சும் ஒரே துண்டு என்பதால் குலுக்கலும் உண்டு. முதுகுவலி உள்ளவரை வைத்து மூணாறிலிருந்து தேனி வரை இறங்க அது உகந்ததல்ல.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலேயே இருக்கப் போகிற வண்டியைத் தேனியில் டி.என். 60 நம்பரில் எடுக்காதீர்கள். பெற்றோர் பெயரில், கேரள முகவரியில், வீட்டுக்குப் பக்கத்து ஆர்.டி.ஓ. ஆபீசைப் பொறுத்து தேவிகுளம் கே.எல். 68, உடும்பன்சோலை கே.எல். 69, வண்டிப்பெரியாறு கே.எல். 37 என்று எடுப்பதே தொல்லையில்லாதது. ஏற்கெனவே தமிழ்நாட்டு வண்டி இருந்தால் பழைய ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்க வேண்டும். சேஸிஸ் நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும், அபராதம் பாக்கி இருக்கக் கூடாது, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். அதை வைத்து இங்கே படிவம் 27இல் புது நம்பர். சட்டத்தில் 12 மாத அவகாசம் இருக்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள், வரிக் கணக்கு தனி. குடிவந்த வாரமே ஆபீசில் கேட்டுவிடுங்கள். கேரளப் பதிவு முடிந்ததும் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியின் மீதிக்குத் திரும்ப மனுப் போடலாம். பலர் இதை மறந்து பணத்தை விட்டுவிடுகிறார்கள். லைசென்ஸ் மாற்ற வேண்டாம். 55 வயதுக்கு மேல் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பப் பணத்தைத் தொலைக்கிற இடம் பழைய ஏ.டபிள்யூ.டி. வாங்குவதில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, ஏனென்றால் அரை மணி நேரம் செலவழித்தால் தவிர்க்கக்கூடிய நஷ்டம். "அண்ணே, ஃபோர் வீல் வண்டிண்ணே, முன்னாடி ரெண்டும் புது டயரு" என்பார் விற்கிறவர். அந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு சோதனைக்கு வேலை இருக்கிறது.

முதலில், அது ஃபோர் வீல்தானா? பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள், தனியாக வாங்கி ஒட்டலாம். ஒரு சாக்கை விரித்துப் பின் பம்பருக்குக் கீழே படுத்துப் பாருங்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் பெட்டியும், அதிலிருந்து முன்னால் போகும் நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட்டும், இரண்டு சக்கரத்துக்கும் பிரியும் ஷாஃப்ட்டும் இருக்க வேண்டும். டஸ்டரிலும் கிராண்ட் விட்டாராவிலும் முன்சக்கர வண்டிக்கு இவை எதுவும் கிடையாது. ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் வண்டிகளும் உண்டு. பின்பக்கம் பழுதானபோது செலவுக்குப் பயந்து கழற்றியிருப்பார்கள். போல்ட் துளை காலியாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது டயர். முன்னால் இரண்டும் புதுசு என்பது இந்த வகை வண்டியில் நல்ல செய்தியே அல்ல. 215/60 ஆர்17 டயருக்கு ஆரம் சுமார் 345 மி.மீ. முன்னால் புது டயரும் பின்னால் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள்) 4 மி.மீ. தேய்ந்த டயரும் இருந்தால், ஒரு கிலோமீட்டருக்குப் பின்சக்கரம் ஏறத்தாழ 5 சுற்று கூடுதலாகச் சுற்றும். போடியிலிருந்து மூணாறு போய் வருவதற்குள் அது சில நூறு சுற்று. வண்டியின் கம்ப்யூட்டர் சக்கர வேகத்தைப் பார்த்துத்தான் வழுக்கலைக் கண்டுபிடிக்கிறது. இந்த வித்தியாசத்தையும் வழுக்கல் என்று எடுத்துக்கொண்டால் பின்சக்கரத்துக்குச் சக்தியை இணைக்கும் பின்பக்கக் கப்ளிங்கைத் திரும்பத் திரும்பச் சேர்க்கும். கப்ளிங்குக்குள் இருப்பவை கிளட்ச் தட்டுகள். உரசி உரசிச் சூடாகித் தேயும். ஒரு கட்டத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும், பின்சக்கர இழுவை நின்றுபோகும். தார் ரோட்டில் ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஜூலையில் பாசிப் பாதையில் அம்மாவை வைத்துக்கொண்டு ஏறும்போதுதான் தெரியும்.

எனவே நாலு டயரும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஒரே பட்டன் வடிவமாக இருக்கிறதா பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதி இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழத்தை அளக்கும் சின்னக் கருவி டயர் கடையில் இருக்கும். நாலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நாலு டயரின் விலையையும் பேரத்தில் கழியுங்கள், இரண்டை மட்டும் அல்ல. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். மலை மழைக்கு 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது.

பிறகு சாவியை ஆன் செய்து, என்ஜினை இயக்காமல் டாஷ்போர்டைப் பாருங்கள். ஏ.டபிள்யூ.டி. விளக்கு ஒரு முறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் போட்டு பிழைக் குறியீடு பார்க்கச் சொல்லுங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் வரும் ஆயில், பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைக் கண்ட மாநிலம் இது. அந்த வருடத்துக்கு முந்தைய வண்டியென்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக, மண் ஏற்றத்தில் லாக் நிலையில் (பின்சக்கரத்துக்கும் தொடர்ந்து சக்தி போகும்படி வைக்கும் நிலை) நின்ற இடத்திலிருந்து எடுங்கள். வெளியே ஒருவர் தள்ளி நின்று பின்சக்கரம் மண்ணைத் தள்ளுகிறதா என்று பார்க்கட்டும். முன்சக்கரம் மட்டும் மண் வாரினால் அந்த வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

ஃபோர் வீல் ஏறுவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும் ஒன்றுதான். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பிரேக் ஆயில் கொதித்து மிதி உள்ளே போகும். ஆட்டோமேட்டிக்கானாலும் ஸ்டீயரிங் பின்னால் உள்ள பேடிலால் இரண்டாவது கியருக்கு இறக்கி என்ஜினைப் பிடிக்க வைக்கப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். கூட உட்கார்ந்து பல முறை இறங்கிப் பார்த்த பிறகு தனியாக விடுங்கள். பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், இந்த ஈரத்தில் அது தண்ணீரை உறிஞ்சும்.

வண்டி வழியில் நின்றுபோனால் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வண்டியை விடாதீர்கள். பின்சக்கரம் தரையில் உருண்டால் கப்ளிங் போய்விடும். நாலு சக்கரமும் ஏறும் பிளாட்பெட்தான் வேண்டும் என்று இன்சூரன்ஸ் எடுக்கும்போதே கேட்டு, அந்த உதவி எண்ணை அப்பாவின் போனில் தமிழில் பெயர் போட்டுப் பதிந்து வையுங்கள். ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாக மட்டும் போகலாம், லாக் போடக் கூடாது. ஜிம்னி மாதிரி முழு அளவு ஸ்டெப்னி இருந்தால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஐந்து டயரையும் சுழற்றி மாட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும்.