வாட்ச் காட்டும் கலோரியை நம்பி எடை குறைக்கலாமா? நம்பாமலே குறைக்கும் வழி

உங்கள் கையில் கட்டியிருக்கும் வாட்ச் கலோரியை அளப்பதில்லை. கை எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு சென்சார் பார்க்கிறது. அடியில் மினுக்கும் பச்சை விளக்கின் ஒளி தோலுக்குக் கீழே ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்புவதை வைத்து இன்னொரு சென்சார் நாடித்துடிப்பை எண்ணுகிறது. இதோடு ஆப்பில் நீங்கள் போட்ட வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, கம்பெனி தன் வசம் வைத்திருக்கும் சூத்திரத்தில் போட்டு, 'இவர் இவ்வளவு எரித்திருப்பார்' என்று ஒரு எண்ணைத் தள்ளிவிடுகிறது. அதாவது ஊகம். வாயில் என்ன போனது என்பதும் அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஊகம் எவ்வளவு பிசகும்? 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட் சர்ஜ், சாம்சங் கியர் எஸ்2 எல்லாம் அதில் உண்டு. நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் நின்றது, நல்ல வேலைதான். கலோரியில் கதையே வேறு: இருப்பதிலேயே துல்லியமானது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அதற்கப்புறம் கருவிகள் முன்னேறியிருக்கின்றன, ஆனாலும் மணிக்கட்டில் இருந்துகொண்டு ஊகிக்கும் அடிப்படை மாறவில்லை.

அதைவிட யோசிக்க வைத்தது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு, 2016இல் வெளிவந்தது. அதிக எடையோ உடல் பருமனோ உள்ள சுமார் 470 இளைஞர்கள், எல்லோருக்கும் குறைந்த கலோரி உணவு, உடற்பயிற்சி, ஆலோசனை. ஆறு மாதம் கழித்துப் பாதிப் பேருக்கு மேற்கையில் கட்டும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள், மீதிப் பேர் தாங்களே குறித்துவைத்துக்கொண்டார்கள். இரண்டு வருட முடிவில் கருவி கட்டாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கட்டியவர்கள் 3.5 கிலோ. என் கணிப்பு, எரித்ததாகத் திரையில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டால் அதைச் சாப்பிட்டுத் தீர்க்கும் உரிமை வந்துவிட்டதாக நமக்குத் தோன்றிவிடுகிறது.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், வேண்டாம். சூடு வைத்த ஆட்டோ மீட்டர் தினமும் ஒரே அளவு கூடுதலாக ஓடினால், எவ்வளவு கூடுதல் என்று கண்டுபிடித்துக் கழித்துக்கொள்ளலாம் இல்லையா, அதைத்தான் இங்கேயும் செய்யப் போகிறோம்.

கட்டுவதும் செட்டிங்கும்

புது வாட்ச் வாங்க வேண்டிய அவசியமில்லை. நாடித்துடிப்பு பார்க்கும் சாதாரண ஃபிட்னஸ் பேண்டே இந்த வேலைக்குப் போதும், விலை ஏறினால் கலோரிக் கணக்கு அந்த அளவுக்குத் துல்லியமாகிவிடாது. மணிக்கட்டு எலும்பின் மேல் கட்டாமல், ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளிக் கட்டுங்கள். வளையல் போலக் கீழே தொங்கினால் வெளிச்சம் உள்ளே புகுந்து துடிப்பைத் தப்பாக எண்ணும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மற்ற கையில் கட்டுங்கள். எந்தக் கை என்பதையும் ஆப்பில் சரியாகக் குறியுங்கள், ஏனென்றால் வலது கையில் கட்டிக்கொண்டு இடது என்று விட்டுவைத்தால், காய் நறுக்குவதும் துணி கும்முவதும்கூட நடையாகக் கணக்கில் ஏறலாம்.

ஆப்பில் எடையைப் போடும்போது ஆசைப்படும் எடையைப் போடாதீர்கள், இன்று காலை மெஷின் காட்டியதைப் போடுங்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் கல்யாணத்தின்போது இருந்த எடையைத்தான் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, மொத்தக் கலோரி வேறு, அசைவுக் கலோரி வேறு. சும்மா படுத்திருந்தாலும் உடம்பு எரிப்பதும் மொத்தத்தில் சேரும். 40 வயது, 158 செ.மீ. உயரம், 72 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது எரிவதைக் கணிக்கும் மிஃப்லின் சூத்திரம் 1990இலிருந்து பழக்கத்தில் இருக்கிறது: எடையை 10ஆலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, பெண்ணானால் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆணானால் 5 கூட்ட வேண்டும். இவருக்குச் சுமார் 1350 வரும். ஒன்றுமே செய்யாமல் ஒரு நாளில் எரிவது இவ்வளவு. இவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி ஆகும், அதில் 70 சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும், ஆக நடையால் கிடைத்த லாபம் 180தான். வாட்ச் 250 என்று காட்டும், அதன் பிழையும் சேர்ந்தால் 320 என்றுகூடக் காட்டும். வரும் வழியில் ஓர் உளுந்து வடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டாலே 200ஐ ஒட்டிவிடும், நடந்தது சரிக்குச் சரி. அதனால் முதல் விதி, நடந்து 'சம்பாதித்த' கலோரியைச் சாப்பிடாதீர்கள். சில ஆப்கள் உடற்பயிற்சிக் கலோரியைத் தானாகவே அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் ஏற்றிவிடும், செட்டிங்கில் தேடி அதை அணைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுப் பக்கம்தான் ஓட்டை பெரிது

வாட்சைக் குறை சொல்லும் நாம் எழுதும் சாப்பாட்டுக் கணக்கு யோக்கியமாக இருக்கிறதா? இட்லியை எண்ணி எழுதுவது சுலபம், நடுத்தர இட்லி ஒன்று 50 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். சட்னிக்கு அரைத்த தேங்காய் யார் கணக்கிலும் வருவதில்லை, 100 கிராம் தேங்காயில் 350 கலோரி இருக்கிறது. சோற்றில் இன்னொரு குழப்பம்: 100 கிராம் வேகாத அரிசி 350 கலோரி, 100 கிராம் வெந்த சோறு 130. ஆப்பில் வெறுமனே அரிசி என்று தேடி முதலில் வருவதைத் தட்டினால் எது ஏறியது என்றே தெரியாது. ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தட்டில் வைத்த பிறகு எடை போடுவதுதான் வீட்டில் நடக்கக்கூடியது.

எண்ணெய் இன்னும் மோசம். தாளிப்பில் எவ்வளவு போனது, தோசைக்கு எத்தனை கரண்டி ஊற்றினோம் என்று யார் பார்க்கிறார்கள்? தினமும் அளக்க வேண்டாம், மளிகைக் கணக்கிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மூன்று பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் தீர்கிறது என்றால் தலைக்கு ஒரு லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒருவருக்குத் தினம் 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் போகிறது. பொரித்து மிஞ்சியதைக் கொட்டுகிற வீடாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த 270ஐத் தினமும் எண்ணெய் என்று ஒரே வரியாக எழுதிவிட்டால், ஒவ்வொரு பொரியலுக்கும் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நெய், தேங்காய், காபியில் போகும் பால், சர்க்கரை இவற்றையும் இதே மாதிரி மாதக் கணக்கிலிருந்து எடுக்கலாம். ஹோட்டல் சாப்பாட்டுக்கு இந்த வழி உதவாது, அங்கே ஆப் காட்டுவதற்கு மேல் ஒரு கால் பங்கு கூட்டி எழுதிக்கொள்வது என் வழக்கம்.

28 நாள் கணக்கு

இதுதான் முக்கியமான வேலை. காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிக்காமல், ஒரே மெஷினில், ஒரே தரையில் எடை பாருங்கள். தினமும் பாருங்கள், ஆனால் அன்றைய எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். முதல் நாள் இரவு ஊறுகாய், அப்பளம், பிரியாணி என்று உப்பு ஏறியிருந்தால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும், அது தண்ணீர். மாதவிடாய் நெருங்கும் நாட்களிலும் அப்படித்தான். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்த சராசரி மட்டுமே கணக்கு.

மேலே சொன்ன பெண்ணின் வாட்ச் ஒரு நாளைக்கு மொத்தம் 2150 கலோரி எரிவதாகச் சொல்கிறது. அவர் எழுதும் சாப்பாட்டுக் கணக்கு 1750. தினம் 400 குறைகிறது என்று அர்த்தம். நான்கு வாரத்துக்கு 11,200 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது பொதுவாகப் போடும் கணக்கு, அதன்படி ஏறக்குறைய 1.45 கிலோ இறங்கியிருக்க வேண்டும். ஆனால் முதல் வாரச் சராசரிக்கும் ஐந்தாம் வாரச் சராசரிக்கும் நடுவே இறங்கியது 0.6 கிலோதான். 0.6 கிலோ என்றால் 4,620 கலோரி, 28ஆல் வகுத்தால் தினம் 165. அதாவது 400 என்று நினைத்ததில் 235 காற்றில் போய்விட்டது.

இந்த 235இல் வாட்சின் பொய் எவ்வளவு, நம் பொய் எவ்வளவு என்று தனியாகப் பிரிக்க முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை. இனிமேல் வாட்ச் காட்டும் மொத்தத்திலிருந்து 235ஐக் கழித்துவிட்டுப் பாருங்கள், அதாவது அதே மாதிரி கட்டி, அதே மாதிரி எழுதிக்கொண்டிருக்கும்வரை. நிஜமாகவே 400 குறைய வேண்டும் என்றால் சாப்பாட்டில் 150, மீதியை நடையில் என்று பிரித்துக்கொள்ளலாம். இந்த நான்கு வாரக் கணக்கில், உணவைக் குறைக்க ஆரம்பித்த முதல் பத்து நாளைச் சேர்க்காதீர்கள், புதிதாக உணவைக் குறைக்கும்போது முதலில் தண்ணீர்தான் இறங்கும், அந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். நடுவில் வாட்சையோ ஆப்பையோ மாற்றினால் பழைய எண் செல்லாது.

சரி, கலோரியைத் தள்ளிவைத்துவிட்டு வாட்சில் எதைப் பார்ப்பது? எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்ற நடை எண்ணிக்கையைத்தான். பேருந்தில் குலுங்கினால் சில அடி கூடும், கையில் குழந்தையையோ இரண்டு பைகளையோ தூக்கிக்கொண்டு நடந்தால், டிரெட்மில்லில் கம்பியைப் பிடித்துக்கொண்டால் குறையும், ஆனால் வாரக் கணக்கில் பார்த்தால் இது தேவலாம். நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. வயதான அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2019இல் வெளிவந்த ஆய்வில், இறப்பு ஆபத்து குறைவது 7,500 அடி அளவிலேயே சமன்பட்டுவிட்டது. எடை குறைய எத்தனை அடி என்பதற்கு இது பதில் இல்லைதான். உங்கள் இப்போதைய வாரச் சராசரி நாளைக்கு 4,000 என்றால் 5,500க்கு ஏற்றுங்கள், அது நிலைத்த பிறகு மேலே போங்கள்.

பளு தூக்கும் நாளில் வாட்ச் அற்பமான எண்ணைக் காட்டும், கை ஆடாமல் கனம் தூக்குவது அதற்குப் புரியாது. அதற்காகப் பளுவை விட்டுவிடாதீர்கள், எடை குறையும்போது தசை கரையாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கும்: பதற்றத்தில், வெயிலில், கடும் காபிக்குப் பிறகு துடிப்பு ஏறினால் ஒன்றும் செய்யாமலே கலோரி கூடும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, வாட்ச் குறைத்துக் காட்டும், அவர்கள் நடையையும் எடையையும் மட்டும் பார்த்தால் போதும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லி மருந்தளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்ச் என்ன சொன்னாலும் டாக்டரின் பார்வையில்லாமல் நாளைக்கு 1200 கலோரிக்குக் கீழே போகாதீர்கள். இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ச் திரையில் அன்றைய இலக்கைக் காட்டும் வட்டம் மூடவில்லை என்று ஹாலுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறீர்கள், ஒரு வாய் அதிகம் சாப்பிட்டதற்கு மனசு அடித்துக்கொள்கிறது என்றால், ஒரு மாதம் வாட்சைக் கழற்றி வையுங்கள். அதன் பிறகும் சாப்பாட்டைப் பற்றிய பயம் போகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று நான்கு கிலோ இறங்கியதும் ஆப்பில் எடையை மாற்றுங்கள், இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. 72இலிருந்து 66 ஆனால் சும்மா இருக்கும்போது எரிவதில் தினம் 60 கலோரி குறைகிறது, அதே ஒரு மணி நேர நடைக்கும் 250க்குப் பதில் 230தான். மாற்றாமல் விட்டால் வாட்ச் பழைய உடம்புக்கே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், நீங்கள் பழைய அளவே சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், எடை மட்டும் நின்றுபோகும். எண்ணை மாற்றிய கையோடு 28 நாள் கணக்கையும் புதிதாக ஆரம்பித்துவிடுங்கள்.