பிட்டோ குழாயில் குளவிக்கூடு: அடைப்பை எடுப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சாவித் துவாரத்தைக்கூடக் குளவி விட்டுவைக்காது. செம்மண்ணைக் குழைத்து அடைத்துவிடும். ஷெட்டில் நிற்கும் சின்ன விமானத்தின் பிட்டோ குழாய் (வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் குழாய்) அதற்கு இன்னொரு துவாரம், அவ்வளவுதான். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசுக் கடலில் ஒரு போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்தார்கள். பிட்டோ குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்க வேண்டும் என்றே விசாரணையில் சந்தேகித்தார்கள்.

பிட்டோ வாய் எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. விமானத்தின் பக்கவாட்டில் உள்ள ஸ்டாட்டிக் துளை சுற்றுப்புற அழுத்தத்தை வாங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வேகமானி காட்டும். பிட்டோ வாய் அடைத்து, உள்ளே புகும் தண்ணீர் வடிவதற்கான வடிதுளை திறந்திருந்தால் முள் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். இரண்டுமே அடைத்தால் மேலே ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கைகள் தூக்குவிசையை இழந்துவிடும். உயரமானியும் அசையாமல் நின்றால் ஸ்டாட்டிக் பக்கம் பாருங்கள்.

இனி வேலை. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பக்கத்தில் இருக்க, விமானத்தின் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். விமானத்தின் மின்சாரத்துக்கான மாஸ்டர் ஸ்விட்சை அணையுங்கள். பிட்டோ ஹீட்டர் போட்டிருந்தால் ஆறும்வரை கை வைக்காதீர்கள்.

வாயில் தெரியும் மண்ணை முள்வாங்கியால் வெளிப்பக்கமாக இழுத்து எடுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். கட்டி உடைந்து உள்ளே போய்விடும்.

அடுத்தது, எதைவிடவும் முக்கியமானது: காற்றடிக்கும் முன் பிட்டோவிலிருந்து வந்து வேகமானியின் பின்னால் சேரும் இணைப்புக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். வாயால் ஊதினாலே அந்தக் கருவி கெட்டுவிடலாம். உள்ளே இருப்பது மெல்லிய உலோகத் தகட்டாலான சிற்றறை. எந்தக் குழாய் எந்த முனைக்கு என்று சீட்டு ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். அதே குழாயில் வேறு கருவி சேர்ந்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். பிறகு கருவிப் பக்கத்திலிருந்து பிட்டோ வாயை நோக்கி, ஈரமில்லாத காற்றை மெதுவாகச் செலுத்துங்கள். டயர் கம்ப்ரசரின் முழு அழுத்தம் கூடவே கூடாது. வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் சிவப்புத் தூளும் சிலசமயம் புழுவும் வந்து விழுவது தெரியும். துணி சுத்தமாக வரும்வரை விடாதீர்கள். வடிதுளையிலும் காற்று வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

குழாயை மாட்டியபின் கசிவுச் சோதனை. வடிதுளையை டேப்பால் மூடி, பிட்டோ வாயில் ரப்பர் குழாயும் சிரிஞ்சும் பொருத்தி, ஒருவர் முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல மிக மெதுவாக அழுத்துங்கள். ரப்பர் குழாயை மடித்துப் பிடித்து ஒரு நிமிடம் பொறுங்கள். மேனுவலில் உள்ள அளவுக்கு மேல் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. முடிந்ததும் அழுத்தத்தையும் மெதுவாகவே விடுங்கள்.

டேப்பை எடுத்தாயிற்றா என்று இரண்டு பேர் பாருங்கள். அதே 1996 அக்டோபரில் பெரு நாட்டில் ஸ்டாட்டிக் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் கிளம்பிய 757-இல் இருந்த 70 பேரும் இறந்தார்கள்.

பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே பறக்கலாம். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது முள் உயிர்பெறுகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் உடனே த்ராட்டிலை மூடி எஞ்சின் விசையைக் குறைத்து, தரையிலேயே நிறுத்திவிடுங்கள்.